ம.கோ.மு. வழக்கில் புன்னைத்துறைச் சபையோர்க்கு

திரு நிலவுக. மழை பருவம் தவறாதிருக்க. கலம் ஏறியோர் எல்லாம் கரை சேர்க. சேணாடு முழுதாளும் அடலேறு நிலந்தாங்கியார் திருவடி நிழலில் பேரமைச்சுப் பணி செய்வோன், கீழ்க்கடல் வணிகத்தின் வாயிலும் முந்நூறு பாய்மரங்களின் தாய்வீடுமாகிய புன்னைத்துறை நகரசபைப் பெருமக்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கிணறுகள் இனிப்பனவாகுக. தங்கள் வீதிகளில் சினம் தணிவதாகுக. இந்தக் கடைசி வாழ்த்து ஓலை மரபில் இல்லாத ஒன்று. இவ்வாண்டு தங்கள் ஊருக்கு வேண்டியிருப்பதால் சேர்க்கப்பட்டது.

சபையார் அனுப்பிய விண்ணப்பங்கள் இரண்டும் வந்து சேர்ந்தன. நகரக் காவல் தலைவனாக இருந்த கடம்பூர்ப் பொறையனை ஊரைவிட்டே துரத்த வேண்டும் என்கிறது ஒன்று. துரத்தவே கூடாது என்கிறது மற்றொன்று. துரத்தச் சொல்பவர்கள் அவனுடைய சொந்தக் கட்சிக்காரர்கள். வேண்டாம் என்பவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். ஓலை கட்டியவன் கையெழுத்துகளை மாற்றிக் கட்டிவிட்டான் போலும் என்று எண்ணி இவ்வமைச்சன் இரண்டு முறை பிரித்துப் பார்க்க நேர்ந்தது. மாறவில்லை. ஆகவே பொறையனையும் சாட்சிகளையும் தலைநகருக்கு அழைத்து, ஏழு நாள் விசாரித்து, இதனை எழுதுகிறான். நிழல் மண்டப வாயிலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்கப்பட வேண்டிய ஓலை என்பதால், தாங்கள் அறிந்ததையும் முதலிலிருந்தே சொல்கிறது. பொறுத்துக் கேட்க.

தங்கள் மண்டபத்தில் இருப்பது ஒரே திரை. வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு; விளக்குக்கும் துணிக்கும் நடுவே தோலில் வெட்டிய உருவங்கள்; அவற்றை நகர்த்தக் கோல்கள். ஆடுகிறவர் ஒரு முறை நகர்த்தினால், விதிச்சுவடியில் உள்ளபடி திரைக்காரர் எதிரே ஒரு முறை நகர்த்துவார். இந்தத் திரையில் ஏறிய ஆட்டங்களுள் இரண்டு ஊரையே கட்டி ஆண்டன. ஒன்று மலைக் கோட்டை முற்றுகை. படை திரட்டி, மதில் இடித்து, நாழிகை வட்டில் நீரில் மூழ்குவதற்குள் கோட்டைக் கொடிமரத்தைச் சாய்க்க வேண்டும். மற்றது மணற் கோயில் முடிச்சு. மணலில் புதைந்த கோயிலின் ஒன்பது கதவுகளையும், கயிற்று முடிச்சுகளின் சூட்சுமம் கண்டு திறக்க வேண்டும். அதில் வாளும் இல்லை, அம்பும் இல்லை, ஒருவரும் சாவதும் இல்லை. படகுத்துறையார் முற்றுகைக்கு உயிரை விட்டனர், கடைவீதியார் முடிச்சுக்கு. நீளப் பெயரைச் சொல்ல யாருக்கு நேரமிருக்கிறது? இரு சாராரும் தத்தம் ஆட்டத்தை ம.கோ.மு. என்றே சுருக்கி அழைத்தனர். அங்கே பிடித்தது சனி.

எங்கள் ஆட்டம் மூன்றாண்டு மூத்தது, மூத்தவன் இருக்க இளையவனுக்கு எந்த ஊரில் பட்டம் கட்டுகிறார்கள் என்று முற்றுகைக்காரர் கேட்டனர். முந்தி முளைத்த காரணத்தால் முருங்கையைத் தேக்கு என்று சொல்லிவிட முடியுமா என்று முடிச்சுக்காரர் திருப்பிக் கேட்டனர். தோணியில் ஏறுகிறவரிடம் உமக்கு எந்த ம.கோ.மு. என்று கேட்டு, பதில் பிடிக்காவிட்டால் நடு ஆற்று மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள் படகோட்டிகள். மருந்து வணிகனும் முடிச்சுக்காரரின் தலைவனுமான வேம்பன், இருமலோடு வந்த படகோட்டிகளுக்குத் தேன் கலக்காத கஷாயமாகப் பார்த்துக் கொடுத்தான். பேசி முடித்த திருமணம் ஒன்று, மாப்பிள்ளையின் மணிக்கட்டில் கட்டியிருந்த மூன்றெழுத்து எந்த ஆட்டத்தினது என்ற கேள்வியில் நின்றுபோனது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். தங்கள் ஊரிலோ கூத்துப் பார்த்தவர்களே இரண்டுபட்டார்கள்.

இதுவரை சிரிக்கலாம். பங்குனித் தேரன்று மண்டப வாயிலில் எறிந்த கல் ஒன்று படகோட்டி ஒருவனின் இடக்கண்ணைக் கொண்டு போனது. மறுநாள் காலை ஆற்றுப் பாலத்தின் ஒரு முனையில் துடுப்புகளும் மறுமுனையில் உலக்கைகளும் திரண்டன. நடுவே, பன்னிரண்டு காவலரோடு பொறையன் நின்றான். அவன் கையில் இருந்தது காவல் தண்டு ஒன்றுதான். வாளை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான், ஏனெனில் வாளைக் கண்டால் கூட்டத்துக்கு வீரம் வந்துவிடும் என்பது அவன் அறிந்த பாடம்.

அங்கே முற்றுகைக்காரரின் தலைவியாகிய படகுக்காரி கொற்றி முன்னே வந்து, மாற்றுக்கை வேண்டும் என்று உரக்கக் கேட்டாள். பெயர் வழக்குகளில் நம் நாட்டுப் பழைய நீதி அது. ஒரே பெயருக்கு இருவர் உரிமை கொண்டாடினால், ஒவ்வொரு சாராரின் முதல் ஆட்டக்காரரும் மற்றவருடைய ஆட்டத்தை ஊர் முன்னிலையில் ஆட வேண்டும். முடித்தவர் பக்கத்துக்கே பெயர். இருவராலும் முடியாவிட்டால் மூத்த ஆட்டத்துக்கு. ஆள் வராத பக்கம் அப்போதே தோற்றது. தோற்ற ஆட்டம் ஓராண்டு திரையேறக் கூடாது. என்றைக்கும் தன் முழுப்பெயராலேயே அழைக்கப்பட வேண்டும். கேட்டுவிட்டால் மறுக்கக் காவல் தலைவனுக்கு அதிகாரம் இல்லை. பொறையன் தண்டை உயர்த்தி, மூன்றாம் நாள் ஆட்டம் என்று அறிவித்தான். துடுப்புகளும் உலக்கைகளும் தாழ்ந்தன. ஊர் பிழைத்தது என்று பன்னிரண்டு காவலரும் மூச்சு விட்டார்கள்.

பொறையன் விடவில்லை. ஏன் என்பதை அவனைத் தவிர ஒருவரும் அறியார்.

நிழல் மண்டபத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. திரைக்கு முன்னால் அமர்பவருக்கு ஊரும் குலமும் பதவியும் கிடையாது. அவரவர் விரும்பிய புனைபெயரை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, முகத்திரை அணிந்து ஆடலாம். யார் என்று கேட்பவன் மண்டபத்துக்கு ஆகாதவன். வரிசைப் பலகையில் கொற்றிக்கு ஆழிப்புயல் என்று பெயர். அதை அவளே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். முடிச்சு ஆட்டத்தின் பலகையில் ஆறு ஆண்டுகளாக முதலிடத்தில் நின்ற பெயர் ஒற்றைச் சங்கு. ஒன்பது கதவுகளையும் திறந்த ஒரே கை அது. அந்தக் கைதான் அன்று பாலத்தின் நடுவே காவல் தண்டைப் பிடித்திருந்தது.

காவல் தலைவனே பெயர் வழக்குகளுக்கு நடுவனும் ஆவான். தண்டு பிடித்த கை கட்சிக்கோல் பிடித்தால் பதவியும் போகும், ஊரும் போகும் என்பது சட்டம். வேலியே பயிரை மேயலாகாது என்று எழுதி வைத்தவர்கள் காரணமில்லாமல் எழுதவில்லை. பொறையனும் அதை அறியாதவன் அல்லன். தான் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் மறுபக்கமே சாய்ந்து, வேம்பனுக்கு இரண்டு முறை தண்டம் விதித்தவன் அவன். அதில் ஒன்று அநியாயம் என்று இப்போது அவனே ஒப்புக்கொள்கிறான். முகத்திரை போட்டுக்கொண்டு மாலையில் ஒரு நாழிகை அந்தக் கதவுகளுக்கு முன்னால் உட்காரவில்லையென்றால், அடுத்த நாள் தன்னால் எழுந்திருக்க முடியாது என்று சொன்னான். ஒருவரும் சாகாத இடம் ஊரில் அது ஒன்றுதான் என்றும் சொன்னான்.

அந்த மூன்று நாளும் வேம்பன் வீதிவீதியாகப் பறையறைந்து ஒற்றைச் சங்கைத் தேடினான். சபையோர் அறிவீர், அவன் கடைசியில் போய் நின்ற இடம் காவல் தலைவன் வாசல். சாட்சி சொன்ன சொல்லைத் திருத்தாமல் எழுத வேண்டும் என்ற முறைப்படி, வேம்பன் சொன்னது இங்கே வருகிறது. "அவரு கால்ல விழாத குறைதான். நீங்க நெனச்சா புடிச்சிருலாம்ங்க, ஊருல எந்தப் பூனை எந்தப் பானைய உருட்டுனாலும் ஒங்களுக்குத் தெரியுமேன்னு கேட்டேன். தேடுறேன் வேம்பான்னாரு. மொகத்தப் பாக்கவே இல்ல. அப்பவே தெரிஞ்சிருக்கணும், எனக்குத்தான் புத்தியில்ல."

மூன்றாம் நாள் விடிந்ததும் கொற்றி முடிச்சு ஆடினாள். ஆறு கதவுகள் திறந்தன. ஏழாவதில் கயிறு சிக்கிக்கொண்டது. பொறுமையிழந்து இழுத்தாள், தோற்றாள். ஆனால் முடிச்சென்றால் சோம்பேறிகளின் ஆட்டம் என்று அதற்கு முன் அவள் சொல்லி வந்ததை, அன்று முதல் சொல்லவில்லை. இனி முடிச்சுக்காரர் முற்றுகையை ஆடி வென்றால் எழுத்து அவர்களுடையது. ஆள் வராவிட்டாலும், வந்து தோற்றாலும், மூத்த ஆட்டத்துக்கே போய்ச் சேரும்.

ஒற்றைச் சங்கை முதல் முறை அழைத்தார் திரைக்காரர். மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் முறை அழைத்தார். வேம்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். படகுத்துறையார் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. நடுவன் இருக்கையில் இருந்த பொறையன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், பதவி இருக்கும், வீடு இருக்கும், ஊர் இருக்கும். மூன்றாம் அழைப்பு முடியுமுன் அவன் எழுந்து, தண்டை இருக்கையின் மேல் குறுக்காக வைத்தான். இடுப்பிலிருந்து முகத்திரையை எடுத்தான். அணிந்துகொள்ளாமல் அதையும் அங்கேயே வைத்தான். பின்பு திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். அந்த மௌனத்தில் வட்டிலுக்குள் நீர் ஏறும் ஓசை கேட்டது என்று சாட்சிகள் அத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

முற்றுகை ஆட்டத்தை அதற்கு முன் அவன் ஆடியதே இல்லை. பார்த்ததும் இல்லை, அது திரையேறும் நாளில் மண்டபத்துக்குக் காவல் போட்டுவிட்டு வெளியே நின்றுவிடுவான். ஆனால் உண்மையான முற்றுகையை அவன் அறிவான். பதினாறு ஆண்டுக்கு முன் கருமலைக் கோட்டையைச் சூழ்ந்த நம் படையில், மேற்கு வாயில் பாதையை மறித்து நின்ற இளம் வீரருள் அவனும் ஒருவன்.

எனவே கைகள் தாமாகவே ஓடின. முதல் நகர்விலேயே மலையடிச் சுனையை மறித்தான். அப்படி ஒரு வழி இருப்பதையே படகுத்துறையார் அறிந்ததில்லை. வடக்கு மதிலில் பொய்த் தாக்குதல் காட்டி, மேற்கு வாயிலை உடைத்தான். வட்டிலில் பாதி நீர்கூட ஏறவில்லை. கொடிமரம் கோலுக்கு எட்டும் தூரத்தில் நின்றது. முடிச்சுக்காரர்கள் எழுந்து நின்று கூவத் தொடங்கினார்கள்.

அப்போது அவன் போர்வீரன் கோலைக் கீழே வைத்துவிட்டு, மெல்லிய கோல் ஒன்றை எடுத்தான்.

அந்த ஆட்டத்தில் மதிலுக்குப் பின்னால் முப்பத்திரண்டு சிறிய உருவங்கள் உண்டு. முதியோர், பெண்கள், குழந்தைகள். அழகுக்கு வைத்தது என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். முற்றுகையிடுபவர் விரும்பினால் ஒரு நகர்வுக்கு ஓர் உருவமாக அவர்களை மேற்கு வாயில் வழியே வெளியே விடலாம் என்று விதிச்சுவடியின் கடைசி ஏட்டில் இருக்கிறது. அதனால் ஆட்டத்தில் ஒரு பயனும் இல்லை, நகர்வுதான் வீண். நடுவன் என்ற முறையில் சுவடியைப் படித்து வைத்திருந்த பொறையன் ஒவ்வொருவராக வெளியே விடத் தொடங்கினான்.

முதல் நாலைந்து உருவம் போகும்வரை ஏதோ சூழ்ச்சி என்று கூட்டம் காத்திருந்தது. பத்துக்கு மேல் போனதும் புரிந்துவிட்டது. கொடிமரம், கொடிமரம் என்று கடைவீதியார் கத்தினார்கள். சிலர் அழுதார்கள். வேம்பன் தூணில் முட்டிக்கொண்டான். அவன் சொல்: "ஏய்யா, தோலுய்யா அது, தோலு! ஆட்டுத்தோலு! அதுக்கு வழிவிட்டு எங்க வாயில மண்ணப் போட்டுட்டீரேன்னு கத்துனேன். காதுல வாங்கவே இல்லைங்க." பொறையனுக்கு எல்லாம் கேட்டது. ஆறு ஆண்டு தன்னோடு ஒரே பலகையில் பெயரெழுதிய தோழர்களை ஏமாற்றுகிறோம் என்பதும் தெரிந்தது. கைமட்டும் நிற்கவில்லை.

முப்பத்தொரு உருவம் வெளியேறிய போது வட்டிலின் விளிம்பு நீரோடு சமமாக நின்றது. மீதி இருந்தது ஒரு நகர்வு. உள்ளே நின்றது இடுப்பில் கூடை வைத்த ஒரு பெண்ணுருவம். அவளை வாயிலுக்கு வெளியே கொண்டுவந்து விட்டான். வட்டில் மூழ்கியது.

தோற்பதற்காகவே ஆடினாயா என்று இவ்வமைச்சன் கேட்டதற்கு, இல்லை என்றான். இரண்டையும் செய்து முடிக்க நேரம் இருக்கும் என்று கணக்கிட்டதாகவும், ஒரு நகர்வு பிசகிவிட்டதாகவும் சொன்னான். கொடிமரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே என்று கேட்டதற்கு, கூடைக்காரி அதைவிடக் கிட்டத்தில் இருந்தாள் என்றான்.

வென்றவள் சொன்னதும் ஏட்டில் ஏறட்டும். கொற்றியின் வாய்மொழி இது. "கெலிச்சுட்டோம், பறையடிங்கடான்னு எவனோ சொன்னான். பறைக்காரன் குச்சிய எடுக்கல. நானும் எடுக்கச் சொல்லல. பன்னெண்டு வருசமா அந்தக் கோட்டையப் புடிக்கிறேன், உள்ள ஆளு இருக்குன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. அந்த மனுசன ஊர விட்டுத் தொரத்துனீங்கன்னா, என் தோணியில ஏத்திக் கூட்டிட்டுப் போக மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க."

பொறையனை இவ்வமைச்சன் கடைசியாகத் தனியே அழைத்தது ஏழாம் நாள் காலை. கருமலையில் என்ன நடந்தது என்று கேட்டதற்கு அவன் அதிகம் பேசவில்லை. சுனை மறித்த பன்னிரண்டாம் நாள் உள்ளிருந்தோர் முதியோருக்கும் பெண்டிர் பிள்ளைகளுக்கும் வழி கேட்டார்கள், படைத்தலைவர் தலைநகருக்கு ஆள் அனுப்பிக் கேட்டார், வழிவிட வேண்டாம் என்று ஓலை வந்தது, விடவில்லை. நாற்பதாம் நாள் வாயிலைத் திறந்து முதலில் உள்ளே போனவர்களில் தானும் ஒருவன் என்றான்.

அந்த ஓலையை ஆவணச் சாலையிலிருந்து எடுத்து வரச் செய்து இவ்வமைச்சன் அவன் முன்னே வைத்தான். நான்கு சொல் ஓலை. அடியில், அரண்மனை வழக்கப்படி, எழுதியவன் பெயருக்குப் பதில் இரண்டெழுத்துச் சுருக்கம்: கு.ஏ. அந்த இரண்டெழுத்துக்கு உரியவன் எதிரே அமர்ந்திருப்பவன்தான் என்று இவ்வமைச்சனே சொன்னான். பொறையன் சினக்கவில்லை. அந்த உத்தரவை யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதினார் என்று தான் ஒருபோதும் நினைத்ததில்லை என்றும், மழையைப் போல மேலிருந்து விழுந்தது என்றே பதினாறு ஆண்டும் எண்ணியிருந்ததாகவும் சொன்னான். வாளால் குத்தியிருந்தால் இவ்வளவு வலித்திராது. இதை எழுதவும் வலிக்கிறது.

ஆகவே சபையோர் கேட்க, கேட்டபடி நடத்துக. ம.கோ.மு. என்னும் மூன்றெழுத்தும் மலைக் கோட்டை முற்றுகைக்கே உரியது. மாற்றுக்கை நீதியை இவ்வமைச்சன் மீறான். மணற் கோயில் முடிச்சு ஓராண்டு திரையேறாது. அதன் பின்னும் முழுப்பெயராலேயே அழைக்கப்படும். கடைவீதியார் இதற்காக வாய்விட்டுத் திட்டிக்கொள்ளலாம், கல் எடுக்கலாகாது. கண் இழந்த படகோட்டியின் குடும்பத்தை இரு சாராரும் சேர்ந்தே தாங்க வேண்டும். காவல் தண்டு பொறையனுக்குத் திரும்பாது, ஏனெனில் மறைத்தது மறைத்ததுதான், அவனும் அதைக் கேட்கவில்லை. ஆனால் அவனை ஊரைவிட்டுத் துரத்தும் விண்ணப்பம் தள்ளப்படுகிறது. ஊரை ஏமாற்றி ஆதாயம் தேடுவோனுக்கு எழுதிய தண்டனை அது. இருந்ததையெல்லாம் ஊர் முன்னால் வைத்துவிட்டு எழுந்தவனுக்குப் பொருந்தாது. அவன் வீட்டு வாசலில் கல் விழுந்தால், அது அரண்மனை வாசலில் விழுந்ததாகக் கொள்ளப்படும்.

இன்னும் ஒன்று. கருமலை ஓலையும் இதனோடு கட்டி அனுப்பப்படுகிறது. இதை வாசித்த அதே இடத்தில், அதே குரலில் அதையும் வாசிக்க வேண்டும். வாசிப்பவர் அடியில் இருக்கும் இரண்டெழுத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகாமல், குழையூர் ஏகம்பவாணன் என்று முழுதாகச் சொல்க. கருமலையில் பிழைத்தவர் எவரேனும் கூட்டத்தில் இருந்தால், அவருக்குக் கேட்கும்படி மறுமுறையும் சொல்க.

இவ்வோலையில் பதிந்த அமைச்சு மோதிரம், பதிந்த ஈரம் காயுமுன் அரசர் திருமுன் வைக்கப்பட்டுவிட்டது. பணியிலிருந்து விடையும் கிடைத்துவிட்டது. எனவே இதன் கீழ் அரச இலச்சினையும், அதன் கீழ் அமைச்சன் அல்லாத ஒருவனின் கையெழுத்தும் உள்ளன.

இது அரசாணை. வாசித்தோர் வாழ்க, கேட்டோர் வாழ்க, வழி கேட்டோர்க்கு வழி உண்டாகுக.

குழையூர் ஏகம்பவாணன்